அஞ்சாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர். மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் பகலெல்லாம் ஓய்வாக இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜன்னலோரத்தவள் மடியில் மாங்காய்ப் பையோடு தூங்கிவிட்டாள். நடுவில் இருந்தவள் மூத்தவளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

“அந்த மோட்டார் ரூமு எம்புட்டு ஜிலுஜிலுன்னு இருந்துச்சு! மத்தியானம் நானும் இந்தா தூங்குற மாரியும் உள்ள படுத்துக் கெடந்தோம். நீங்க மட்டும் ஏன்க்கா வெயில்லயே உக்காந்திருந்தீக?”

“உள்ளதான் நாலு பேரு ஆயிருச்சே. அஞ்சாவது ஆளு எப்படி நுழைய?”

நடுவில் இருந்தவள் சிரித்துவிட்டாள். “வெடிமருந்து ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல கூடாதுங்கிறது கம்பெனியிலக்கா. மாந்தோப்புலயுமா?”

மூத்தவள் சிரிக்கவில்லை.

“அக்கா, உள்ள நாங்க ரெண்டு பேருதான இருந்தோம்?”

“உங்க தலமாட்டுல ரெண்டு பேரு உக்காந்திருந்தாக. வேலைக்குப் போறப்ப மாதிரியே, வளையலக் கழட்டி வாசல்ல வச்சிருந்தாக.”

“யாருக்கா?”

“போன சீசன்ல வெடி விபத்துல போனாகள்ல, அவுகதான்.”

மல்லி கிராமத்தைத் தாண்டியதும் டிரைவர் பாட்டுக் கேசட்டை மாற்றினார். அது ஓடத் தொடங்கியதும் நடுவில் இருந்தவள் மூத்தவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“எதுவும் சொன்னாகளாக்கா?”

“வாயே தொறக்கல. என்னயப் பாத்ததும் ஆளுக்கொரு பக்கமா நகந்து, நடுவுல எடம் விட்டாக.”