அரக்குத் தண்ணீர்

மீன் வாடை எனக்கு ஆகாது, சார். அதனால் அந்தச் சிலையை முதலில் மரத்தில்தான் செய்ய நினைத்தேன்.

சென்னையில் சிற்பம் படித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியது தொண்ணூற்றெட்டில். எங்கள் தெருப் பட்டறைகளின் சாயக் கழிவெல்லாம் பின்னாலிருக்கும் குட்டையில்தான் விழும். மனிதன் இயற்கைக்குச் செய்யும் கொடுமையை ஊர் முகத்தில் அறைகிற மாதிரி வடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மரத்தில் அந்த வேகம் வராது என்று, செத்த மீன்களையே அச்செடுத்துப் பித்தளையில் வார்ப்பதாகத் திட்டத்தை மாற்றினேன். ஆனால் பாழாய்ப்போன மீன்கள் சாகவில்லை. அந்தக் கழிவிலும் கொழுத்துத் திரிந்தன. பார்க்கவே குமட்டியது.

குட்டையின் நிறத்தைப் பார்த்தே வியாபாரம் சொல்கிற ஊர் இது. இன்றைக்கு மாம்பழ மஞ்சள், நாளைக்கு அரக்கு. தண்ணீர் தெளிந்து கிடந்தால்தான் தொழில் படுத்துவிட்டதென்று கவலைப்படுவார்கள். ஆகவே பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தோடு அரக்குச் சாயத்தையும் கலந்து ஊற்றினேன். விடிந்தபோது மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஒருவரும் நின்று பார்க்கவில்லை. என்ன ஜனங்களோ.

புல்லறுக்க வந்த காத்தாயி மட்டும் நின்றாள்.

"அரக்குப் பொடவ ஆர்டரு ஜாஸ்தியா தம்பி? தண்ணி இப்படி செவந்துகினு கீது."

ஆமாம் என்றேன். ஒரு மீனைப் பிடிக்கச் சொல்லி, அவள் கையோடு சேர்த்து பிளாஸ்டரில் அச்செடுத்தேன். காய்த்துப்போன விரல்கள். இறுகும்வரை ஆடாமல் நின்றாள்.

"இதெல்லாம் வீணாதான போவுது? கொழம்புக்கு எடுத்துகினு போவட்டா? பசங்க மீனு தின்னு நாளாச்சி."

சொல்லியிருக்கலாம். சொன்னால் மருந்து ஊற்றியது யார் என்று கேட்பார்கள். பழி சாயக்காரர்களை விட்டு என் தலையில் விழும். சிலைக்கு அப்புறம் என்ன அர்த்தம் இருக்கிறது?

"எடுத்துகினு போங்க," என்றேன்.

முந்தானை நிறைய அள்ளிக்கொண்டாள். செத்து மிதப்பதைத் தின்ன எப்படித்தான் மனசு வருகிறதோ. சீ என்றிருந்தது.

பொழுது சாய்வதற்குள் அவளும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஊரே திரண்டு சாயப் பட்டறைகளின் மேல் மண்ணை வாரித் தூற்றியது. பல வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னது அன்றைக்குத்தான் அவர்கள் மண்டையில் ஏறியது. பித்தளையில் வார்த்த அந்தக் கையைப் பார்த்துச் சென்னையில் பெரிய மனிதர்கள்கூடக் கண் கலங்கினார்கள்.

எங்கள் கொல்லையில் நீங்கள் தோண்டி எடுத்த மருந்து டப்பா என்னுடையதுதான். ஊற்றியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் குட்டையைக் கொன்றவர்களை மட்டும் எப்போது பிடிக்கப் போகிறீர்கள், சார்?