பால் பொங்கும் வரை

அண்ணி: "யாரும்மா வர்றாங்க?"... என் சின்னது நாலு வயசுல கேட்ட கேள்வி. நான் துடைப்பத்தத் தொட்டாலே கேக்கும். இப்ப நீயும் அதையே கேக்கற பாப்பா.

பாப்பா: கதவ ஒரு சாண் மட்டும் திறந்து, துடைப்பத்த முதுகுக்குப் பின்னால ஒளிச்சா யாரும் கேக்கத்தான் செய்வாங்க அண்ணி. கூடப்பொறந்த அண்ணன் வீடு... இப்படி வாசல்லயே நிக்க வைக்கிறீங்களே?

அண்ணி: உள்ள... பெயிண்ட் அடிக்கிறாங்க.

பாப்பா: வாசனையே இல்லையே.

அண்ணி: வாசனை வராத பெயிண்ட்.

பாப்பா: குக்கர் விசில் வருது.

அண்ணி: பெயிண்டருக்கும் பசிக்குமில்ல!

பாப்பா: அண்ணி...

அண்ணி: சரி. பெயிண்டும் இல்ல, மண்ணும் இல்ல. வீடு குப்பையாக் கிடக்கு, போதுமா? வா, முக்குக் கடையில டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்.

பாப்பா: வேணாம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்... கிளம்பறேன்.

அண்ணி: இத்தாம் பெரிய பையத் தூக்கிக்கிட்டு சும்மாவா வந்த?

பாப்பா: தையக்காரர்கிட்ட குடுக்கணும்... ரெண்டு துணி.

அண்ணி: இரு, இரு. கையக் காட்டு. என்னடி இது, விரலெல்லாம் வெடிச்சு...

பாப்பா: ப்ளீச்சிங் பவுடர். ஒண்ணுமில்ல.

அண்ணி: ரத்தம் கசியுது, ஒண்ணுமில்லயாம். வா உள்ள. சிரிச்சா உங்க அண்ணன்கிட்ட சொல்லிருவேன்.

பாப்பா: அவருதான் ஆபீஸ்ல இருக்காரே, தப்பிச்சேன்... அய்யோ, இது சோபாவா?

அண்ணி: அடியில சோபா இருக்கு. மேல கிடக்கிறது துவைச்சது.

பாப்பா: அது?

அண்ணி: துவைக்க வேண்டியது.

பாப்பா: ரெண்டும் சம்பந்தம் பேசற மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கே.

அண்ணி: கிண்டல் பண்ணு. உன் வீட்டுத் தரையில முகம் பாத்துத் தலை சீவலாம். போன தடவ அங்க வந்தப்ப, நான் நடந்த தடத்த என் சேலைத் தலைப்பாலயே துடைச்சுட்டு வந்தேன்.

பாப்பா: ...பாத்தேன்.

அண்ணி: பாத்தியா! உடம்பெல்லாம் கூசுதுடி.

பாப்பா: கூச வேண்டியது எனக்கு. "விடுங்க அண்ணி"ன்னு ஒரு வார்த்தை என் வாயில வரலியே... அந்த ரூம் ஏன் சாத்தியிருக்கு?

அண்ணி: அதத் திறக்காத! விருந்தாளி வந்தா எல்லாத்தையும் அதுலதான் அள்ளிப் போட்டுப் பூட்டுவேன். ஒரு தடவ அவசரத்துல உங்க அண்ணனையும் சேத்துப் பூட்டிட்டேன்.

பாப்பா: அண்ணனையா!

அண்ணி: துணி மலைக்குப் பின்னால சட்டை தேடிக்கிட்டு இருந்திருக்கார். விருந்தாளி போற வரைக்கும் மூச்சுக் காட்டலியே மனுஷன். திறந்ததும் "எனக்குக் காபி மிச்சமிருக்கா?"ன்னார்.

பாப்பா: ஐயோ, சிரிச்சு வயிறு வலிக்குது... உள்ள என்னமோ சத்தம் கேக்குதே?

அண்ணி: மலை... சரிஞ்சிருக்கும். நீ சமையல்கட்டுக்கு வா.

பாப்பா: பாத்திரத்த ஏன் அண்ணி இவ்வளவு சேர விடறீங்க?

அண்ணி: செஞ்சா முழுசா, உன்ன மாதிரி செய்யணும்னு நினைப்பேன். முழுசா நம்மால ஆகாது. அதனால தொடறதே இல்ல.

பாப்பா: முழுசா யாரு கேட்டா? பால அடுப்புல வைங்க. அது பொங்கற வரைக்கும் கழுவுவோம். பொங்கினா நிறுத்திடணும்.

அண்ணி: மிச்சம்?

பாப்பா: அது சாயங்காலப் பாலுக்கு.

அண்ணி: அட! இவ்வளவுதானா உன் ரகசியம்? இது தெரியாம நான் வருஷக்கணக்கா... பாரு, டம்ளரெல்லாம் முடிஞ்சிருச்சு! ஏ, பால் பொங்கிருச்சு. அடுப்ப அணைச்சுட்டேன், விடு.

பாப்பா: இந்தச் சட்டி மட்டும்...

அண்ணி: நிறுத்தணும்னு நீதான சொன்ன?

பாப்பா: அடி மட்டும்தான், இதோ...

அண்ணி: பாப்பா, தண்ணியெல்லாம் ரத்தம். விடுடி!

பாப்பா: ...எனக்குச் சொல்லத்தான் தெரியும் அண்ணி. நிறுத்த வரல.

அண்ணி: உக்காரு. தேங்காயெண்ணெய் தடவறேன். தலை நரைச்சும் இந்த வீட்டுக்கு நீ பாப்பாதான்... உன் பொண்ணு, என் மருமக எப்படியிருக்கா?

பாப்பா: உங்க மருமகளுக்கென்ன... காலேஜ், பரீட்சை...

அண்ணி: ம்.

பாப்பா: இல்ல அண்ணி. பொய். முந்தாநாள் வீட்ட விட்டுப் போயிட்டா.

அண்ணி: ...என்ன நடந்தது?

பாப்பா: சிநேகிதிங்களக் கூட்டிட்டு வந்திருந்தா. உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் மாப்பத் தூக்கிக்கிட்டுப் போய்... காலத் தூக்குங்கம்மான்னு சொல்லி, அந்தப் பிள்ளைங்க காலடியிலயே துடைச்சேன்.

அண்ணி: கடவுளே.

பாப்பா: ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போனாங்க. கடைசியா இவளும். முகத்தப் பாக்கணுமே... பெத்தவளப் பாத்து வெக்கப்படற முகம். "நல்லா இருக்கேன், தேடாத"ன்னு ஒரே ஒரு மெசேஜ். எங்க இருந்தாலும் பசியில்லாம இருக்கட்டும் சாமின்னு வேண்டிக்கிட்டே... மறுபடியும் தரையத்தான் துடைச்சேன் அண்ணி. என்ன பொறப்பு நான்!

அண்ணி: அழாத. பால் ஆறுது, குடி.

பாப்பா: டம்ளர்ல கறை... இருக்கட்டும். குடுங்க.

அண்ணி: இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

பாப்பா: போதும். கிளம்பறேன். பை இங்கயே இருக்கட்டும்.

அண்ணி: தையக்காரர்?

பாப்பா: அதுல அவ சுடிதார், சார்ஜர், படிக்கிற கண்ணாடி.

அண்ணி: பாப்பா... இரு. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். ஆனா உன்ன இப்படி அனுப்பிட்டு எனக்குச் சோறு இறங்காது. அந்த ரூம்ல...

பாப்பா: சொல்லாதீங்க, சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும். நீங்க கதவத் திறக்கறதுக்கு முன்னாலயே தெரியும். வாசல்ல அவ செருப்பு... ஒண்ணு குப்புற, ஒண்ணு படிக்குக் கீழ. நேரா எடுத்து வைக்கக் குனிஞ்சுட்டேன். அப்புறம், யாரும் பாக்கல, அவளுக்குத் தெரியவும் வேணாம்... அவ விட்ட மாதிரியே விட்டுட்டுத்தான் அண்ணி மணிய அடிச்சேன்.