மட்டக் குழாயில் ஒரு காற்றுக் குமிழ்

அன்று காலை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம்: நான், என் மனைவி, மகன், மருமகள், மேஸ்திரி. மனைவியும் மருமகளும் முன்கூடத்தில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மகன் பின்முற்றத்தில் நின்றான். மாடியில் நானும் மேஸ்திரியும் மட்டும். மழை தூறலாகக் குறைந்திருந்தது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மகன் தானும் மாடியில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அவன் மாடியில் இல்லை.

வீடு நான் கட்டியது. என் குடும்பத்தில் சொந்தமாக வீடு கட்டிய முதல் ஆள் நான். செங்கல் இறங்கிய நாள் முதல் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்று வேலை வாங்கினேன். மேஸ்திரி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நல்ல வேலைக்காரன், அதை இப்போதும் சொல்வேன். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே பொக்கை என்று சொல்லிவிடுவான்.

மொட்டை மாடியில் தளம் போடும்போது மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுக்க வேண்டும். பின்மூலையில் வடிகுழாய், அதை நோக்கித் தளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய வேண்டும். அதற்கு மட்டம் பார்ப்பது கண்ணாடி போன்ற ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பித்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்; அதை வைத்துச் சுவரில் கோடு போடுவார்கள். அன்று ஒரு முனையை நான் பிடித்தேன். என் வீட்டு மட்டத்தை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

"ஐயா, குழாயில காத்து நிக்குது, மட்டம் தப்பாக் காட்டும். ஒரு தட்டுத் தட்டிட்டு மறுபடி பாத்துடலாம்" என்றான் மேஸ்திரி.

"நான் பிடிச்சா பிடிச்சதுதான். கோட்டைப் போடு" என்றேன்.

கீழே சித்தாள்கள் நான்கு பேர், மனைவி, மகன், மருமகள், எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்; எங்கள் பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்காது என்றே நினைத்தேன். அவன் கோட்டைப் போட்டான்.

முதல் மழையில் தண்ணீர் வடிகுழாய்ப் பக்கமே போகவில்லை. முன்பக்கம் வந்து கூடத்துக்கு மேலே தேங்கியது. அடுத்த மழையில் கூடத்தின் கூரை வியர்த்தது. மூன்றாவது மழையன்று மருமகளின் அப்பா வந்திருந்தார். பேச்சின் நடுவே அவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சம்பந்தி, உங்க வீட்டுக்கு வந்தா குடையை வாசல்ல விடக் கூடாது போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

மேஸ்திரியை ஆள்விட்டு அழைத்து, சம்பந்தியின் முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். "என்ன வாட்டம் குடுத்திருக்கே நீ? தொழில் தெரியுமா தெரியாதா?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுதுதாங்க" என்றான்.

வாசல்வரை கூடவே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாக, "குழாய் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டுங்க ஐயா" என்றான். அதற்காகவே நான் அவனை மதித்தேன். அதன்பிறகு மூன்று வருடம், கூரை ஒழுகிய போதெல்லாம் வீட்டார் முன்னால் அவனைத் திட்டினேன். வீட்டார் தலையாட்டினார்கள். அது ஒரு ஒழுங்காக நடந்துவந்தது.

இந்த வருடம் கண்ணில் புரை எடுக்க மகள் வீட்டுக்குப் போய் இருபது நாள் தங்கினேன். திரும்பி வந்தபின் படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் ஒரு மாதம் மாடிக்குப் போகவில்லை. போன அன்று, செடிக்கு ஊற்றிய சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினேன். அது என் காலைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்மூலைக்கு ஓடி, வடிகுழாயில் இறங்கிப் போனது. இன்னொரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினேன். அதுவும் ஓடியது. அதே ஓடுகள், அதே நிறம். பெயர்த்து, வாட்டத்தைத் திருத்தி, பழைய ஓடுகளையே பதித்திருந்தார்கள். புதுக் கண் இல்லாவிட்டால் இணைப்பில் இருந்த புதுச் சிமென்ட்கூடத் தெரிந்திருக்காது.

மனைவியைக் கேட்டேன்.

"புள்ளைதான் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் செஞ்சான். உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல."

"என் மனசு எதுக்கு நோகணும்? தப்பு மேஸ்திரி பண்ணது."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "விடுங்களேன். அன்னைக்கு அந்தக் குழாயில காத்து இருந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரி சொல்லித்தான் தெரியணுமா?"

மூன்று வருடம். நான் திட்டும்போதெல்லாம் தலையாட்டியவர்கள். குழந்தை கையில் அணைந்த கைப்பேசியைக் கொடுத்துப் பேசச் சொல்வார்களே, அப்படி. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மருமகள் வழக்கம்போல முதலில் எனக்குப் பரிமாறினாள். அந்த மரியாதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், என் தோள் துண்டைச் சுருட்டி வடிகுழாயில் வைத்து, ஒட்டடைக் கம்பால் வளைவுக்குள் போகும்வரை தள்ளினேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. திருத்திய வாட்டமும் தவறு என்று ஆகிவிட்டால் நானும் அவர்களும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அவ்வளவுதான்.

திங்கள் காலை கொட்டித் தீர்த்தது. மாடி குளமாகி, கதவடியில் நுழைந்து, படிவழியே கூடத்துக்கு வந்துவிட்டது. மகன் மேஸ்திரியை அழைத்தான். வந்தவன் கணுக்காலளவு தண்ணீரில் நின்று குழாய்க்குள் கைவிட்டுப் பார்த்தான். எட்டவில்லை.

"வாட்டம் தப்புன்னு தோணுது" என்றேன்.

"வாட்டம் சரியா இருக்குங்க. தண்ணி இந்த மூலைக்குத்தானே வந்து நிக்குது? அடைப்புதான். வெளிப்பக்கம் வளைவைக் கழட்டிப் பாக்கறேன்."

கைப்பிடிச்சுவரின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்தான். கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. "ஐயா, பெல்ட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அகலமான தோல் பெல்ட். நல்ல பிடிமானம். கீழே முற்றத்தில் துவைக்கும் கல்லருகே நின்ற மகனிடம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வளைவைத் திருகி எடுத்தான். தண்ணீரோடு துண்டும் வந்தது. கையில் பிடித்து விரித்தான். பச்சைக் கரை. இந்த வீட்டில் அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் திடுக்கிடவில்லை. தலையை மட்டும் திருப்பி, குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லைங்க ஐயா. இலை அடைச்சிருந்துச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடறேன்" என்றான். சிரித்தான் என்றே நினைக்கிறேன். "இதுவும் நமக்குள்ளயே இருக்கட்டும்."

நமக்குள்ளே என்று அவன் முன்பு சொன்னதை மூன்று வருடம் நம்பியிருந்தேன். அதை நினைத்துக்கொண்டேன். நினைக்க நேரம் இருந்தது.

பிறகு நான் கீழே இறங்கி வந்தேன். மகன் கல்லருகே மண்டியிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். துண்டு ஓரமாகக் கிடந்தது. எடுத்து அலசிக் கொடியில் போட்டேன். உங்கள் மேஜையில் இருப்பது அதுதான்.

மேஸ்திரியின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னய்யா பண்ணுவீங்க, உங்க வயசுக்கு" என்று அழுதாள். தெரு முழுக்க இப்போது அதே பேச்சு. பெரியவருக்குக் கையில் வலு இல்லை, ஈரத்தில் பெல்ட் நழுவிவிட்டது என்கிறார்கள். என் மகனும் உங்களிடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன்.

எதுவும் நழுவவில்லை. நான் பிடித்தால் பிடித்ததுதான். விட்டேன்.