லென்ஸ் மேல் போட்ட துணி

வெர்னா: காப்பி ஆறிப்போச்சு, ஓட்டோ. குடிங்க.

ஓட்டோ: பேச்ச மாத்தாத. மேல ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?

வெர்னா: முதல்ல உட்காருங்க. உங்க கேமராவ யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

ஓட்டோ: பேசாத படக் காலத்துல இருந்து உன் மூஞ்சியப் படம் பிடிக்கிறேன். இருபத்திரெண்டு வருஷம். நீ மழுப்பறது எனக்குத் தெரியாதா?

வெர்னா: அப்போ மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிங்களேன்.

ஓட்டோ: ...இங்க வெளிச்சம் பத்தல.

வெர்னா: ஜன்னல் பக்கமாத்தான உட்கார்ந்திருக்கேன்.

ஓட்டோ: சரி, சரி. நேத்து எடுத்தத போட்டுப் பார்த்தாங்களா?

வெர்னா: பார்த்தாங்க. என் க்ளோசப் மூணும் மங்கல். இது யார் பண்ண வேலைன்னு புரொடியூசர் என்னைத்தான் கேட்டார்.

ஓட்டோ: நீ என்ன சொன்ன?

வெர்னா: எனக்கு நாப்பத்தாறு வயசு ஆயிடுச்சுன்னு சொன்னேன்.

ஓட்டோ: பைத்தியமா உனக்கு? ஸ்டூடியோ ஊருக்குச் சொன்ன வயசு முப்பத்தெட்டு. நெப்ராஸ்கா மளிகைக் கடைக்காரர் பொண்ணா இருந்த உன்ன, பேர மாத்தி, பல்ல சீராக்கி, எட்டு வயசக் குறைச்சு... எல்லாத்தையும் ஒரே வார்த்தைல போட்டு உடைச்சிட்டியா?

வெர்னா: அந்தப் பொய்யிலேயே இருபத்தாறு படம் ஓடிச்சு. போதாதா?

ஓட்டோ: விளையாடாத. அப்புறம்?

வெர்னா: சுருக்கம் தெரியக்கூடாதுன்னு லென்ஸ் மேல சல்லாத்துணி போடச் சொன்னது நான்தான்னேன். ரெண்டு மடிப்பா. ஓட்டோ வேணாம்னுதான் சொன்னார், நான்தான் அழுது அடம்பிடிச்சேன்னு...

ஓட்டோ: நீ அழுதியா? எப்போ?

வெர்னா: அங்கயே கொஞ்சம் அழுதும் காட்டினேன். ஒரே டேக்ல ஓகே.

ஓட்டோ: எனக்குச் சிரிப்பு வரல, வெர்னா. என்ன முடிவு பண்ணாங்க?

வெர்னா: ஹீரோயின் வேஷம் போச்சு. திங்கக்கிழமை வேற பொண்ணு வரா. நான் அவளுக்கு அம்மா.

ஓட்டோ: அம்மாவா...

வெர்னா: ஆறு சீன். பாதிப் படத்துலயே செத்துடுவேன்.

ஓட்டோ: இந்த வேஷத்துக்காக ரெண்டு வருஷம் அலைஞ்ச. அவங்க வாசல்ல காத்துக் கிடந்த.

வெர்னா: ஆமா. வலிக்கத்தான் செய்யுது. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஓட்டோ: இனிமே ஹாலிவுட்ல எவனும் உன்ன ஹீரோயினாக் கூப்பிட மாட்டான். தெரியுமா?

வெர்னா: தெரியும்.

ஓட்டோ: என்னை? என்னை மாத்தலையா?

வெர்னா: உங்களை ஏன் மாத்தணும்? நடிகை அழுதா கேமராமேன் என்ன பண்ணுவார் பாவம். ஆனா ஒண்ணு... இனிமே ஃபோகஸ உங்க அசிஸ்டெண்ட் டாலன் பார்த்துக்குவாராம். நீங்க லைட்ட மட்டும் பார்த்தாப் போதுமாம்.

ஓட்டோ: இது யார் யோசனை?

வெர்னா: யாரோ சொன்னாங்க... காப்பியக் குடிங்க.

ஓட்டோ: இது என் கடைசிப் படம்னு உனக்குத் தெரியும். பழிய என் மேல போட்டிருக்கலாம்.

வெர்னா: போட்டு? கடைசிப் படத்துல துரத்திவிட்டாங்கன்னு ஊர் உங்களைப் பத்திப் பேசணுமா?

ஓட்டோ: வெர்னா... நேத்து லென்ஸ் மேல துணியே போடல.

வெர்னா: ம்.

ஓட்டோ: டாலன் டேப் பிடிச்சு தூரத்த அளந்து ஃபோகஸ் வச்சான். சரியாத்தான் வச்சான். நான்தான் அவனத் திட்டிட்டு ஃபோகஸ மாத்தினேன். என் கண்ணுக்கு அதுதான் தெளிவாத் தெரிஞ்சுது. ரெண்டு கண்ணுலயும் புகை அடிச்ச மாதிரி... இத என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல.

வெர்னா: தெரியும், ஓட்டோ. மூணு மாசமா நான் வாயத் திறந்தாதான் நீங்க என் பக்கம் திரும்பறீங்க. அதான் செட்ல ஓயாம பேசிக்கிட்டே இருக்கேன்.