பனையோலைக் கூரையின் நிறம்

ஓட்டுக் கூரை எளிது, துபாஷி ஐயா. ஓலைக் கூரையின் நிறம்தான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

மனைவி செல்வம்மாளைக் கொன்றதாகத் துளசிங்கத்தை நாளைக் காலை கோட்டை வாசலில் தூக்கில் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். அவன்மேல் கட்டிய வழக்கில் ஒரு பெரிய பிழை இருக்கிறது.

ஒல்லாந்தத் துரை தன் சீமைக்கு அனுப்புவதற்காகப் பழவேற்காட்டை ஒரு பலகைமேல் சிறிதாகச் செய்யச் சொன்னார். அதை எனக்குத் தமிழில் சொன்னவரே நீங்கள்தான். கோட்டை, ஓட்டு வீடுகள், மீனவர் குப்பம், எல்லாம் விரலுயரத்தில். மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கூரை. புதுக் கூரை பொம்மையைப் போல் இருக்கும். வெயிலும் மழையும் பட்ட கூரையின் அடியில்தான் ஆள் இருப்பதாகத் தோன்றும்.

ஓட்டுக்குக் காவி பூசி, கடலைப் பார்த்த சரிவில் மட்டும் சுண்ணாம்புத் தண்ணீரைத் தேய்த்தால் போதும். உப்புக்காற்றில் வெளிறியது போலாகிவிடும். முகட்டில் காக்கை எச்சத்துக்கு ஈர்க்குச்சியால் ஒரு புள்ளி. மழைநீர் இறங்கும் தடத்தில் காய்ந்த பாசியை அரைத்துப் பூசுவேன்.

ஓலைக்கு விளக்குக் கரி பூசினேன். உயிரில்லாத கருப்பாக இருந்தது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். அடிப்பக்கம் மட்டும் கரிந்தது. குப்பத்து வீடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் விளங்கியது. சமையல் புகை ஓலைகளுக்குள் நுழைந்து, சூடு ஆறி, மெல்ல மேலே கசிகிறது. கரியை உள் ஓலைகள் பிடித்துக்கொள்கின்றன. மேல் ஓலைக்குத் தேன் நிறம் மட்டும் வந்து சேர்கிறது. அப்படியானால் என் சின்னக் கூரைகளை உண்மையான கூரையின் மேலடுக்கில் செருகி வைக்க வேண்டும்.

செல்வம்மாள் இடம் கொடுத்தாள். "இன்னா அண்ணே, என் கூரை குட்டி போட்டுக்கினு கீதா?" என்று சிரித்தாள். "செருவிக்கோ. ஒழுவுச்சின்னா எங்க வூட்டுக்காரரு உன்னத்தான் கூரையா போடுவாரு."

குப்பத்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் ஓலைப் படல். துளசிங்கம் மட்டும் உடைந்த கப்பலின் பலகையில் கதவு செய்திருந்தான். படலில் புகை ஒழுகும், பலகையில் ஒழுகாது; அந்த வீட்டை நான் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அப்படியும் நிறம் ஏறவில்லை. அவள் சமைக்கும்போது திறந்த கதவு வழியாகவும், சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகவும் புகை போய்விட்டது. கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. துரை பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்றிலிருந்து எனக்குப் பயம். தூங்கும்போதுகூட எங்கோ புகை கசிந்து வீணாவதுபோல் நெஞ்சு திடுக்கிடும்.

செல்வம்மாள் செத்த அன்று காலை துளசிங்கம், "நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுத் தனியாகப் படகேறினான். கதவு வெளியிலிருந்து கட்டியிருந்ததால் அவன்தான் கட்டினான் என்கிறீர்கள். கொல்ல நினைப்பவன் கதவைக் கட்டுவான், சரி. ஏணி வைத்து ஏறி, சந்து முழுவதும் ஈரக் களிமண்ணை அப்புவானா? அந்த மண்ணில் என் விரல் தடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பெண்கள் கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். செல்வம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். கூரையைப் பார்க்க வந்தேன் என்றேன். "பாத்துக்கோ அண்ணே, எனக்குக் கண்ணத் தொறக்கவே முடியல" என்று திரும்பிப் படுத்தாள். அடுப்பில் தணலுக்கு மேல் ஈர வைக்கோலும் பச்சை ஓலையும் அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். எழுப்பி வெளியே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காய்ச்சல்காரி, குளிர்கிறது என்று திரும்பி வந்து கதவைத் திறப்பாள்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். "யாரு, அண்ணே, நீதானே? கதவு மாட்டிக்கிச்சி. தொற."

"இரும்மா. இதோ ஆயிடும்."

"கண்ணு எரியுது அண்ணே. மூச்சு வுட முடியல. இன்னா பண்றே?"

கூரை முழுவதும் புகை பூத்து நின்றது. இப்போது திறந்தால் அத்தனையும் கதவு வழியே பாய்ந்துவிடுமே. வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. அவளும் பயந்திருக்க வேண்டும். தட்டிய வேகத்தில் தெரிந்தது. பிறகு தட்டல் நின்றது. எனக்கும் படபடப்பு அடங்கியது.

சின்னக் கூரைகளை எடுத்து வெயிலில் பிடித்தேன். தேன் நிறம். பலகையில் ஒட்டியபின் துரை குனிந்து பார்த்து, இந்த வீடுகளில் ஆள் இருப்பதுபோலவே இருக்கிறது என்றார். அதையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

ஏன் வாசல் பக்கம் நகர்கிறீர்கள், ஐயா? உட்காருங்கள். துளசிங்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்; அவனுக்கு இந்த வேலை தெரியாது. முறையை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். புகைக்குக் கூரையைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது. சந்து முழுவதையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். கதவை வெளியிலிருந்து கட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும், எப்படிக் கூப்பிட்டாலும், புகை அடங்கும்வரை திறக்கக் கூடாது.