யாரும் கேட்காத வெள்ளை விரிப்பு

இந்த அவைக்குத் தலைமையேற்று, எங்கள் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்திருக்கும் தலைவர் அவர்களே, விடுதி நடத்தும் பெரியோர்களே, படகுத்துறைத் தோழர்களே, கடைவீதி அன்பர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும் பொறுமையின் வடிவங்களே, உங்கள் அனைவரையும் தலைவணங்கி வரவேற்கிறேன்.

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் கண்ணாலேயே சொல்லிவிட்டார். மொழிப்பாடம் நடத்துகிறவளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுச் சுருக்கத்தை எதிர்பார்க்கிறாரே, அவருடைய நம்பிக்கையை நான் பாராட்டுகிறேன்.

அன்பர்களே, இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. விடுதியோ உணவகமோ சலவைக்கூடமோ, எதன் கழிவுநீரும் சுத்தமாகாமல் ஏரியில் கலக்கக்கூடாது. அதற்கான சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடியும்வரை கரையில் புதிய விடுதி எழும்பக்கூடாது. இதைப் பற்றிப் புள்ளிவிவரம் சொல்ல எனக்குப் பின்னால் வல்லவர்கள் காத்திருக்கிறார்கள். நான் என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் வீடு எது? சலவைக்கூடத்தை ஒட்டிய வீடு. சலவைக்கூடம் நடத்துகிறவர் என் கணவர். படகுத்துறையில் நீலப்படகு ஓட்டுகிறாரே, அவர் என் உடன்பிறந்த அண்ணன். ஒருவர் ஏரிக்குள் தண்ணீரை விடுகிறவர். இன்னொருவர் அந்தத் தண்ணீரில் பிழைக்கிறவர். இருவருக்கும் நடுவில் நான். இரண்டு பக்கமும் இழுபட்ட போர்வை எப்படியிருக்கும் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

அந்தக் காலமே பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. சாலை வருமுன் இந்த ஏரி நமக்கு மட்டும் தெரிந்த ஏரி. என் அண்ணன் வலைபோட்டு மீன் பிடித்தார். பிடித்த மீனை வாங்க ஆளில்லை. ஆகவே காலையிலும் மீன், மதியமும் மீன், மாலையிலும் மீன். அங்கே ஓர் அக்கா தலையாட்டுகிறார். அவர் வீட்டிலும் அதே கதைதான் போலும்.

பிறகு சாலை வந்தது. சாலையோடு பேருந்து வந்தது. பேருந்தோடு பார்வையாளர் வந்தார்கள். வந்தவர்கள் வியந்தார்கள், வியந்தவர்கள் விளம்பினார்கள், விளம்பியதைக் கேட்டு மேலும் பலர் வந்தார்கள். அண்ணன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகில் இருக்கைகள் போட்டார். என் கணவர் பழைய இயந்திரத்தை மாற்றிப் பெரிய இயந்திரங்கள் வாங்கினார். ஒழுகிய கூரை ஓடு மாறியது. அண்ணன் மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போனாள். இதையெல்லாம் தந்தது யார்? விருந்தினர்தாம். நன்றி மறந்து பேச என் நாக்கு எழாது.

ஆனால் அன்பர்களே, விடுதி பெருகியது, விரிப்பு பெருகியது, துவாலை பெருகியது. பெருகியதெல்லாம் எங்கே வந்தது? எங்கள் கூடத்துக்கு வந்தது. வெளுத்த துணி வண்டியேறி விடுதிக்குப் போனது. வெளுத்த தண்ணீர்? அது கூடத்தின் பின்பக்க வாய்க்காலில் இறங்கி, யாரும் வழியனுப்பாமல், யாரும் வரவேற்காமல், நேரே ஏரிக்குப் போனது. சோப்புத் தண்ணீர் பாசிக்கு விருந்து. நாம் விருந்தினரை உபசரித்தோம். பாசியையும் சேர்த்து உபசரித்தோம்.

ஒரு கோடையில், வாய்க்கால் ஏரியைத் தொடும் இடத்தில் தண்ணீர் பச்சை மெழுகுபோலக் கட்டி நின்றது. அண்ணன் தன் படகில் ஏறும் குழந்தைகளிடம் எப்போதும் சொல்வார்: "கையைத் தண்ணியில விடு கண்ணு, ஏரி உன் கையைப் பிடிச்சுக்கும்." அன்றும் சொன்னார். ஒரு சிறுமி கையை விட்டாள். முகத்திலும் தெளித்துக்கொண்டாள். கரையேறுவதற்குள் கன்னமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. குழந்தையின் தந்தை அண்ணனைத் திட்டவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்கதானே விடச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார். சிறுமிக்கு இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. அண்ணனுக்குச் சரியாகவில்லை.

அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா, தட்டு வைக்கிறேன்" என்றேன்.

"சாப்பிட வரலம்மா" என்றவர் என் கணவரைப் பார்த்தார். "மாப்ளே, உன் சோப்பு நுரை என் படகு வரைக்கும் வந்து நலம் விசாரிக்குது. அதைக் கொஞ்சம் வீட்டோட இருக்கச் சொல்லு."

என் கணவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "மச்சான், உன் எஞ்சின் கக்குற டீசலை என்ன, பன்னீர்னு நினைச்சியா? தண்ணி மேல வானவில் மாதிரி மிதக்குதே, அதுவும் என் சோப்பா?"

"ஒரு குழந்தை முகம் வீங்கிப் போச்சு மாப்ளே."

"அதுக்கு நான் ஒருத்தன்தான் காரணமா? ஊர்ல இருக்கிற அத்தனை விடுதிக் குழாயும் எங்க போகுது? அங்க போய்க் கேளு."

"அங்க எல்லாம் என் தங்கச்சி இல்லையே. உரிமையோட கேக்க இங்கதான வரணும்?"

 கேள்வி நெருக்கினால் ஆண்கள் என்ன செய்வார்கள்? எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். என் கணவர் போனார். அண்ணனும் போனார். நான் இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லையே தவிர, செய்திக்குக் குறைவில்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார நேர்ந்தது. "உங்கண்ணன் கால் என் செருப்பு மேல இருக்கு, எடுக்கச் சொல்லு" என்றார் இவர். "உன் வீட்டுக்காரர் செருப்பை ஏன் ஊருக்கே பரப்பி வச்சிருக்கார்னு கேளு" என்றார் அவர். நடுவில் நான் அஞ்சல்துறை. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஏரி கெட்டால் மீன் மட்டுமா சாகும்? ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாகும்.

இதற்கிடையில் விருந்தினர் குறையத் தொடங்கினார்கள். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னோம். மழை என்றோம், விலைவாசி என்றோம், பக்கத்து ஊரில் புதிதாக ஏதோ திறந்திருக்கிறார்கள் என்றோம். தண்ணீர் என்று மட்டும் யாரும் வாய்திறக்கவில்லை.

நாம் எல்லோரும் 'நீச்சல் அம்மா' என்று அழைப்போமே, ஆண்டு தவறாமல் வந்து, காலையில் கரையிலிருந்து பாறைவரை நீந்திவிட்டு, ஈரத் தலையோடு கடைவீதியில் தேநீர் குடிப்பாரே, அவர் அந்த ஆண்டும் வந்தார். வந்த அன்றே கரைக்குப் போனார். துவாலையைத் தோளில் போட்டபடி தண்ணீரைப் பார்த்தார். இறங்கவில்லை. பள்ளி விட்டு வந்த நான் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன், பெட்டியோடு.

"என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர். கோவமும் இல்ல. எத்தனையோ வருஷமா வரேன். தினமும் என் ரூம்ல புது பெட்ஷீட், புது டவல். ஒருநாள்கூட நான் கேட்டதில்ல. வேண்டாம்னும் சொன்னதில்ல. அந்தத் துணியெல்லாம் எங்க போய் வெளுக்குதுன்னு இன்னிக்குத்தான் தோணுச்சு. நான் குளிச்ச தண்ணிய நானே கெடுத்திருக்கேன்."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை; ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை மடித்து முடித்தார். அடுத்து, வெளுக்க வந்து கிடந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "இதுல யாரும் படுத்த மாதிரியே தெரியல" என்றார். பிறகு அதை மேசைமேல் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் போய் நின்றிருக்கிறார். ஏரியிலிருந்து அதைப் பார்த்த அண்ணன் படகைக் கரைக்கு ஓட்டியிருக்கிறார். இது நான் பார்த்ததல்ல. இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது. இருவர் சொன்னதும் ஒத்துப்போனதால் நம்புகிறேன். குடும்பத்தில் அது அபூர்வம்.

"ஏறு" என்றாராம் அண்ணன்.

இவர் ஏறினார். படகில் எஞ்சினைக் காணோம்; அண்ணன் துடுப்பை எடுத்தார்.

"எஞ்சின் என்னாச்சு மச்சான்?"

"ஒழுகுதுன்னு நீதான சொன்ன. கழட்டிப் பாத்தேன். நெசமாவே ஒழுகிச்சு. சரி பண்ணக் குடுத்திருக்கேன்."

"அத வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல."

என் கணவர் சிரித்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டாராம். பச்சை அடுக்குக்கு நடுவில், வெள்ளை வெள்ளையாக மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. அண்ணன் எதையும் சுட்டிக்காட்டவில்லை. மெல்லத் துடுப்புப் போட்டபடி கரையை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டார். "நாளைக்குச் சாப்பிட வர்றியா மச்சான்?" என்று இவர் கேட்டார். "மீன் இல்லன்னா வர்றேன்" என்றார் அவர்.

அன்பர்களே, அடுத்து நடந்தது இதே மண்டபத்தில் நடந்தது. உங்களில் பலர் சாட்சி. விடுதிக்காரரும் படகுக்காரரும் கூடிய கூட்டத்தில் என் கணவர் எழுந்து, "இனிமே தினமும் துணி அனுப்பாதீங்க" என்றார். சலவை செய்து பிழைக்கிறவர், சலவை வேண்டாம் என்கிறார். சிரிப்பு எழுந்தது. பெரிய விடுதியின் மேலாளர் அம்மா, இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன், எழுந்து கேட்டார்: "விருந்தாளிங்க குறை சொன்னா யாருங்க பதில் சொல்றது?"

"கேட்டா குடுங்கம்மா. கேக்காம குடுக்காதீங்க. அவ்வளவுதான்."

"உங்களுக்கு வேலை குறையுமே?"

"குறையும். ஏரி போச்சுன்னா மொத்தமாவே இருக்காது."

இதைச் சொன்னவர் மேடைப்பேச்சாளர் அல்லர். வீட்டில் நான் பேசிமுடிக்கும்வரை வாய் திறக்காத மனிதர். அன்று பக்கத்திலிருந்த அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். தானும் எழுந்து நின்றார். "மீன் முட்டையிடுற நாணல் பக்கம் எஞ்சின் போடமாட்டோம். அது எங்க பங்கு" என்றார். படகுத்துறைத் தோழர்களே, நீங்கள் ஒவ்வொருவராக எழுந்தீர்கள். இன்றும் அந்தப் பக்கம் துடுப்பு ஓசைதான் கேட்கிறது. அதற்காக உங்களை வணங்குகிறேன்.

உடனே ஏரி தெளிந்தது, ஊர் மகிழ்ந்தது என்று முடித்தால் பேச்சுக்கு அழகு. உண்மைக்கு அழகல்ல. துணி குறைந்ததால் கூடத்தில் ஒரு 'ஷிப்டு' வேலை நின்றது. இஸ்திரி போடும் அக்கா ஒருவர் கடைவீதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், ஏரி நல்லாயிடும். சந்தோஷம். என் அடுப்பு?" என்ன சொல்வேன் நான்? இலக்கணம் எனக்கு உதவவில்லை. அவர் இப்போது படகுத்துறையில் மிதவைச் சட்டைகளைத் தைத்து, உலர்த்தி, அளவு பார்த்துப் பயணிகளுக்கு மாட்டிவிடுகிறார். அவரோடு வேலை பார்த்த இன்னொரு பெண்ணுக்கு நாம் வழி செய்யவில்லை. ஊரைவிட்டே போய்விட்டார். தண்ணீரைக் காக்கிற தீர்மானத்தில், அந்தத் தண்ணீரால் பிழைக்கிறவரையும் காக்கிற ஒரு வரி இருக்கவேண்டும். தலைவர் அவர்களே, அந்த வரியையும் சேர்க்கும்படி இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன்.

ஏரி? கொஞ்சம் தெளிந்திருக்கிறது. நாணல் ஓரத்தில் கால்விரல் தெரிகிறது. கூட்டம் மிகுந்த மாதத்தில் கிழக்குக் கரை இன்னும் நாறுகிறது. ஒரு சலவைக்கூடம் தன் பங்கைச் செய்தது. ஒரு படகுத்துறை தன் பங்கைச் செய்தது. மீதிப் பங்கு யாருடையது? குழாயை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கிற நம் எல்லோருடையது அல்லவா?

புதிய விடுதி கட்ட விரும்பும் அன்பரும் இங்கே வந்திருக்கிறார். அவரை நான் பகைக்கவில்லை. ஐயா, உங்கள் சாளரங்கள் ஏரியைப் பார்த்துத் திறக்கப்போகின்றன. திறந்தால் என்ன தெரியவேண்டும்? என்ன மணக்கவேண்டும்? தெளிந்த நீரைக் காணத்தானே தொலைவிலிருந்து வருகிறார்கள்? திரண்ட பாசியைக் காட்டவா தேக்கு மரத்தில் சாளரம் வைப்பீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். நிலையம் முடியட்டும். உங்கள் முதல் செங்கல்லை நாங்களே வந்து எடுத்துத் தருகிறோம்.

வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு விடுமுறை; நமக்கு இது வீடு. அவர்களுக்கு இது ஒரு காட்சி. நமக்கு இது குடிநீர். பிடிக்காவிட்டால் அவர்கள் பெட்டியைக் கட்டலாம், பேருந்து ஏறலாம், வேறு ஏரியைத் தேடலாம். நாம் எந்தப் பேருந்தில் ஏறுவோம்? எந்த ஏரிக்குப் போவோம்? அழகு நமக்குத் தரப்பட்டது. அதை விற்கவும் கற்றுக்கொண்டோம், வாழ்ந்தோம், வளர்ந்தோம். இனி அதை வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொள்வோம். வருகிறவரை வரவேற்போம், வருகிறவர் விரும்பி வந்த நீரை வற்றாமல், வீச்சமடிக்காமல், வண்ணம் மாறாமல் காப்போம்.

ஓர் ஆசிரியை பேசுகிறாள் என்பதற்காக இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனித் தலைவர் அவர்கள் கைகளை உயர்த்தச் சொல்வார். உயர்த்துமுன், பக்கத்தில் இருப்பவர் உயர்த்துகிறாரா என்று மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

வணக்கம்.