பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் எரிந்த தானியம்

ஒன்பது ஆண்டுகளாக இந்த மேடையில் எனக்கு இடம் மறுத்து, இன்று மனமிரங்கி அழைத்திருக்கும் தலைவர் தில்லையம்பலம் ஐயா அவர்களே! நூலாசிரியரும், பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவருமான நவரட்ணம் அவர்களே! அஜக்ஸ் நகரிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வந்த பெரியோரே! தாய்மாரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என்னைப் பெற்ற ஆஸியா உம்மாவே! இந்தச் சபையில் அமைதி நிலவட்டும்.

இந்த நூல் நம்மை 1761ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போகிறது. பிரஷ்யப் படைப்பிரிவு ஒன்று ரஷ்யரின் முதுகுப்புறமாகப் போலந்துக்குள் பாய்கிறது. வண்டிகள் எரிகின்றன. களஞ்சியங்கள் எரிகின்றன. எதிரியின் வாளை அல்ல, வயிற்றை வெட்டிய தாக்குதல்! நவரட்ணம் எழுதினால் குதிரைக் குளம்பு காதில் கேட்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு! அங்கே ஒரு வரி: "களஞ்சியங்களில் அழிந்தது தானியம் மட்டுமே."

மட்டுமேயா? யார் விதைத்த தானியம் அது? பிரஷ்யர் விதைத்ததா? ரஷ்யர் விதைத்ததா? அந்தப் போரில் சேராத போலந்து உழவன் விதைத்தது! ஒருவன் அள்ளிக்கொண்டு போனான், ஒருவன் கொளுத்திவிட்டுப் போனான். மாரிக் குளிரில் அவன் பிள்ளை எதைத் தின்றது?

"அண்ணை, புத்தகத்தைப் பற்றிக் கதையுங்கோ!" என்கிறார் பின்னால் ஒருவர். புத்தகத்தைப் பற்றித்தான் கதைக்கிறன், தம்பி. பின் மேசையில் தின்ன வைத்த ரோல்ஸ் ஆறினால் ஆறட்டும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்." சுருக்குகிறேன், ஐயா. முப்பத்தெட்டு ஆண்டுகளைச் சுருக்குகிறேன்.

யாழ்ப்பாணத்தில் என் வாப்பாவிடம் ஓர் அரிசிக் களஞ்சியம் இருந்தது. எங்கள் தெருவே அதில் சாப்பிட்டது. எதிரிக்கு அரிசி போகிறது என்று சொல்லி ஆயுதக்காரர் கொளுத்தினார்கள். எந்த இயக்கம் என்று கேட்காதீர்கள். அன்று எல்லாரும் அதே மொழிதான் பேசினார்கள். வாசலில் காவல் நின்றவன் என் வாங்குத் தோழன். கதறிய என் உம்மாவிடம் சொன்னான்: "அரிசி மட்டும்தானே உம்மா, ஆளுக்கு ஒண்டும் செய்யேல்லையே."

பாதைகள் பூட்டியிருந்தன. வேறு அரிசி வரவில்லை. கருகியதைப் பொறுக்கி, ஏழு தண்ணீரில் கழுவி உலையில் போட்டா உம்மா. கசந்தது. நாங்கள் விழுங்கினோம். இரண்டு வயதுத் தங்கை அஃபீபா துப்பினாள். துப்பித் துப்பியே மெலிந்தாள். நாற்பதாம் நாள் அவளை அடக்கம் செய்தோம். கடல் கடந்து வந்த இந்த நாட்டில், வெக்ஸ்போர்ட்டில், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில், வெள்ளை வெளேர் அரிசியை உம்மா இன்றும் ஏழு முறை கழுவுகிறா.

இந்த நூல் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக வரும் வாரம் மீண்டும் அச்சேறுகிறது. அந்த வரியைப் படித்து வளரப்போகிறவர்கள் நம் பிள்ளைகள். அந்த வரி மாற வேண்டும். அதைக் கேட்கவே வந்தேன், வேறெதற்கும் வரவில்லை.

இன்னொரு துண்டு வருகிறது. இறங்கச் சொல்கிறார்களாக்கும்.

இல்லை. இது நவரட்ணத்தின் கையெழுத்து. வாங்கில் என் கொப்பியைப் பார்த்து எழுதிய அதே கோணல். என்னைப் பள்ளிக்காலப் பெயரால் அழைக்கிறார். வாசிக்கிறேன்: "பதி, வாசலில் நிண்டவன் நான்தான் எண்டு நீ பெயர் சொல்லாமல் விட்டாய். நானே சொல்லுறன். அந்த வரியை நீயே எழுதித் தா."

சபையோரே, சற்றுப் பொறுங்கள்.

மறுத்தால் என்ன சொல்வது என்று பத்துப் பக்கம் எழுதி வந்தேன். சம்மதித்தால் என்ன சொல்வது என்று ஒரு சொல்லும் எழுதி வரவில்லை. உம்மா, நீங்களே சொல்லுங்கோ. என்ன எழுத?

கேட்டதா சபையோரே? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அது சனத்திட சாப்பாடு எண்டு எழுது, மகன்."

எழுதிவிட்டேன். நவரட்ணம், இந்தாரும்.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் கைதட்ட வேண்டாம். அதை நான் சொல்லவில்லை. வரி திருந்தியது, அவ்வளவுதான். இடம் தந்த தலைவருக்கும், எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கும் நன்றி. பின் மேசையில் உணவு இருக்கிறது. ஒருவருக்கும் குறையாமல் பகிர்ந்து உண்ணுங்கள். வணக்கம்.